திருவல்லிக்கேணியில் ஒரு டார்க் சண்டே!

ஒரு ஞாயிறு சாயங்காலம் பார்த்தசாரதி கோயில் குளக்கரைக்கு வாங்க பாஸ். ஹெட்போன் கட்டாயம்.

கேட்கவேண்டியது, 'டார்க் சண்டே இன் டிரிப்ளிகேன்'. நம்ம ஏரியா பேர்லயே ட்யூன்! ஜிமி ஹெண்ட்ரிக்ஸுக்கு மரியாதையாக கிடார் பிரசன்னா 2006-ல் போட்ட 'எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்' ஆல்பத்தில் இருக்கு. பாட்டு வரியே கிடையாது. ராக் கிடாரோடு தவிலும் மிருதங்கமும் மல்லுக்கட்டும். மனுஷன் ஐ.ஐ.டி. மெட்ராஸில் கப்பல் இன்ஜினீயரிங் படிச்சவர். (அரியர் மக்களே, முடிச்சுட்டுத்தான் பாஸ்டன் பெர்க்லிக்கு மியூசிக் படிக்கப் போனார்!)

அப்படியே நடங்க. மேன்ஷன் ஜன்னலில் காயுற லுங்கிகள், ரத்னா கஃபேயில் சாம்பாரில் முங்கின இட்லி... எல்லாத்துக்கும் அந்த கிடார் செட் ஆகும்.

ஒரு உண்மை சொல்லட்டுமா? தவில்னா கல்யாண மண்டப இரைச்சல்னுதான் நினைச்சிருந்தேன். அதுக்குள்ள கணக்கு இருக்குனு காட்டினதே இந்த ஆல்பம்தான். வெட்கமாத்தான் இருக்கு.

சுவாமி புறப்பாடு வந்தா ஹெட்போனைக் கழட்டிடுங்க. வலது கை விரல்களில் கெட்டியான கூடு, இடது கையில் குச்சி. தவில்காரர் கையையே பாருங்க. நான் மாடவீதி முழுக்கப் பின்னாடியே போனேன். செருப்பை எங்க விட்டேன்னு இன்னும் தெரியலை!