விளையாட்டு வினையாகும்போது

விளையாட்டு என்னும் சொல்லுக்கு நம் பேச்சில் நாம் உயர்ந்த இடம் கொடுத்ததில்லை. பொறுப்பற்றவனை விளையாட்டுப் பிள்ளை என்கிறோம். சொன்ன சொல்லிலிருந்து பின்வாங்க வேண்டுமானால், ‘விளையாட்டுக்குச் சொன்னேன்’ என்று தப்பித்துக்கொள்கிறோம். அளவு மீறினால், ‘விளையாட்டு வினையாகும்’ என்று வீட்டுப் பெரியவர்கள் எச்சரிக்கிறார்கள். இப்பழமொழியில் வரும் வினைக்குத் தீங்கு என்பதே பொருள். ஆனால் நம் பழைய அகப்பாடல்களில் வினை என்பது ஆண்மகன் மேற்கொள்ளும் கடமைக்கும் தொழிலுக்கும் பெயர். அதன்பொருட்டு அவன் வீட்டை விட்டு நீங்கிச் செல்வதை வினைவயிற் பிரிவு என்று இலக்கண நூலார் தனித்துறையாகவே வகுத்தனர். அப்பொருளை இப்பழமொழிக்கு ஏற்றிப் பார்த்தால் எச்சரிக்கை மறைந்து ஒரு கேள்வி எழுகிறது. ஒரு சிறுவனின் விளையாட்டு அவனுடைய தொழிலாகிவிடும்போது, அவனுக்கும் அவன் வீட்டாருக்கும் நேர்வது என்ன?

இக்கேள்வியைச் சிந்திக்க ஜாம்ஷெட்பூரைப் போன்ற ஊர் வேறொன்று இல்லை என்று கருதுகிறேன். 1971-ல் தகரப் பெட்டி ஒன்றுடன் நான் டாட்டா நகர் ரயிலடியில் இறங்கினேன். எஃகு ஆலையில் முப்பத்தேழு ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றேன். எங்களை இங்கே கொண்டுவந்தது வயிற்றுப்பாடு. பிற்காலத்தில் இதே ஊருக்கு, மணிப்பூரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் கோவாவிலிருந்தும் பெங்களூரிலிருந்தும், மீசை அரும்பாத பிள்ளைகள் ஒரு பந்தின் பொருட்டு வந்து இறங்குவதைக் கண்டேன். எங்கள் பெட்டியைவிட அவர்கள் பை சிறியது. அவர்கள் வயதும் சிறியது.

டாட்டா கால்பந்து அகாடமி 1987-ல் தொடங்கப்பட்டது. அதற்கு முன் நம் நாட்டில் கால்பந்தாட்டக்காரன் உருவான விதம் வேறு. தெருவில் ஆடுவான், பள்ளி அணியில் ஆடுவான், யாரேனும் கண்டு மெச்சினால் உள்ளூர் மன்றம் ஒன்றில் சேர்வான், நல்லூழ் இருந்தால் கல்கத்தாவின் பெரிய மன்றங்களில் ஒன்று அழைக்கும். ஓடும் முறையும், உண்ணும் முறையும், காயம்பட்ட காலைப் பேணும் முறையும் அவனே பட்டு அறிந்தவையாகவே இருக்கும். அகாடமி இம்முறையை மாற்றிற்று. பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, விடுதியில் வைத்து, உணவும் கல்வியும் மருத்துவமும் அளித்து, சில ஆண்டுகள் பயிற்றுவித்த பின்னரே வெளியே அனுப்பிற்று. அங்கே பயில்வோருக்குக் கேடட் என்று பெயர். நெல்லை நேரே வயலில் விதைப்பதற்கும் நாற்றங்காலில் வளர்த்துப் பிடுங்கி நடுவதற்கும் உள்ள வேறுபாடு இது என்று ஆலையில் என்னுடன் வேலை பார்த்த தஞ்சாவூர் நண்பர் சொல்வார்.

1990களில் அங்கே தொழில்நுட்ப இயக்குநராக விளங்கியவர் பி.கே. பானர்ஜி. இளமையில் இவ்வூரிலேயே வளர்ந்தவர். 1960-ல் ரோம் ஒலிம்பிக்கில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கியவர். 1962-ல் ஜகார்த்தாவில் தென்கொரியாவை 2-1 என்று வென்று தங்கம் பெற்ற ஆட்டத்தில் ஒரு கோல் அவருடையது. அந்த 1962 அணியின் பட்டியலை நம்மவர்கள் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். பீட்டர் தங்கராஜ், அருமைநாயகம், எத்திராஜ் என்னும் பெயர்கள் அதில் உள்ளன. செகந்திராபாத்தில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த துளசிதாஸ் பலராமும் உள்ளார். வெளியூரில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்குக் கால்பந்து அந்நியமானதன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பெங்களூரின் கண்டோன்மென்ட் பகுதியும் அத்தகையதே. பட்டாளத்தாரின் ஆட்டத்தைப் பார்த்துப் பழகிய அல்சூர், ஆஸ்டின் டவுன், கௌதமபுரம் ஆகிய இடங்களில் தமிழ் பேசும் மக்கள் நிறைந்த தெருக்கள் பல தலைமுறைகளாகக் கால்பந்தாட்டக்காரர்களைப் பெற்றுத் தந்தன. அந்த ஆஸ்டின் டவுனிலிருந்து ஜாம்ஷெட்பூர் வந்தவர்தாம் கார்ல்டன் சாப்மன். அவரைத் தமிழர் என்று உரிமை கொண்டாட நான் வரவில்லை. நம்மவர் வாழும் தெருவிலிருந்து நம்மவர் பிழைக்க வந்த ஊருக்கு வந்தவர் என்ற அளவில் அவருடைய வரலாறு என் மனத்தில் பதிந்தது.

1971 ஏப்ரல் 13-ஆம் நாள் பிறந்த சாப்மன் 1990-ல் அகாடமியில் சேர்ந்தார். நடுக்கள ஆட்டக்காரர். கால்பந்தில் கோல் போடுபவனையும் கோலைக் காப்பவனையும் ஊர் அறியும். நடுக்களத்தில் நிற்பவனின் உழைப்பு பார்ப்பவர் கண்ணில் எளிதில் படுவதில்லை. எதிராளியிடமிருந்து பந்தைப் பறிப்பதும், பறித்த பந்தைத் தன்னவன் ஓடும் வழியில் சேர்ப்பதும் அவன் பணி. தொண்ணூறு நிமிடமும் ஓய்வின்றி ஓடவேண்டும். இந்த ஓட்டமும் இந்த அடக்கமும் பயிற்சியால் வருபவை. ஒரே செயலை நூறு முறை செய்யவைக்கும் இடத்தில்தான் அவை கைகூடும். ஷிப்டு முடிந்து வரும் நாட்களில் கேடட்டுகளின் பயிற்சியை வேலியோரம் நின்று நான் பார்த்ததுண்டு. ஒருவன் உருட்ட, மற்றவன் நிறுத்தித் திருப்பித் தர, மீண்டும் உருட்ட என்று அரைமணி நேரம் அதுவே நடக்கும். பார்ப்பவனுக்குச் சலிப்புத் தட்டும். ஆடுபவன் சலிப்பதற்கு இடமில்லை. எங்கள் உருட்டாலையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நாங்கள் கற்பித்த முறையும் இதுதான்.

1993-ல் சாப்மன் கல்கத்தா சென்று ஈஸ்ட் பெங்கால் மன்றத்தில் சேர்ந்தார். அவ்வாண்டே ஆசியக் கோப்பை வென்றோர் கோப்பைப் போட்டியில் இராக்கின் அல் ஜவ்ரா அணியை ஈஸ்ட் பெங்கால் 6-2 என்று வென்றது. ஆறில் மூன்று கோல்கள் சாப்மன் அடித்தவை. அடுத்த நாள் ஆலையின் உணவுக்கூடத்தில் செய்தித்தாள் கைமாறிக் கைமாறிக் கிழிந்து போயிற்று. வங்காளியர் தம் மன்றம் வென்றதென்று மகிழ்ந்தனர். நாங்களோ எங்கள் ஊர்ப் பிள்ளை என்றோம். பெங்களூரிலும் அன்று அதையே சொல்லியிருப்பார்கள்.

1995-ல் அவர் பஞ்சாபில் பக்வாராவைச் சேர்ந்த ஜே.சி.டி. அணிக்குச் சென்றார். கேரளத்து ஐ.எம். விஜயன், சிக்கிமிலிருந்து வந்த பைசுங் பூட்டியா ஆகியோருடன் அவர் ஆடிய அந்த அணி, 1996-97-ல் நடந்த முதல் தேசியக் கால்பந்து லீகில் வாகை சூடியது. 1997-ல் எஃப்.சி. கொச்சி, 1998-ல் மீண்டும் ஈஸ்ட் பெங்கால். 2000-01-ல் அவருடைய தலைமையிலேயே ஈஸ்ட் பெங்கால் தேசிய லீகை வென்றது. இந்திய அணியிலும் இடம்பெற்று அதன் தலைவராகவும் விளங்கினார். அந்த லீக் வெற்றி கிட்டிய 2001-லேயே தொழில்முறை ஆட்டத்திலிருந்து விலகினார். அப்போது அவருக்கு வயது முப்பது.

முப்பது வயது! இவ்விடத்தில் படிப்பவர் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். நம் பிள்ளைகள் பட்டம் பெற்று, வேலை தேடி, ஒருவாறு நிலைகொள்ளும் வயது அது. ஆட்டக்காரனுக்கோ அவ்வயதில் ஒரு வாழ்க்கை முடிந்து மற்றொன்று தொடங்குகிறது. அவன் ஆடிய மன்றங்களும் என்றும் நிலைப்பவையல்ல. எஃப்.சி. கொச்சி சில ஆண்டுகளில் மறைந்தது. மும்பையின் மகிந்திரா யுனைடெட் 2010-லும், முதல் லீகின் வாகையரான ஜே.சி.டி. 2011-லும் தம் அணிகளைக் கலைத்தன. தேசிய லீகும் 2007-ல் முடிந்து வேறு பெயர் பூண்டது. ஆலைத் தொழிலாளியான எனக்கு வருங்கால வைப்புநிதி இருந்தது. ஆட்டக்காரனுக்கு இரண்டு கால்களும் ஒரு பெயரும் இருந்தன.

சாப்மன் அதன்பின் தேர்ந்துகொண்ட வழி எனக்கு மிகுந்த மதிப்பைத் தருகிறது. 2002-ல் அவர் தாம் பயின்ற அகாடமிக்கே பயிற்சியாளராக வந்தார். பின்னர் ஷில்லாங்கின் ராயல் வாகிங்டோ உள்ளிட்ட அணிகளைப் பயிற்றுவித்தார். வாங்கிய கல்வியைத் திருப்பித் தருவதற்கு அவர் நாட்டின் பல மூலைகளுக்கும் சென்றார். 2020 அக்டோபர் 12-ஆம் நாள் பெங்களூரில் மாரடைப்பால் காலமானார். வயது நாற்பத்தொன்பது. அதே ஆண்டு மார்ச்சு மாதத்தில்தான் பி.கே. பானர்ஜியும் மறைந்திருந்தார்.

அகாடமி அளித்த பெயர்கள் இன்னும் பல. மணிப்பூரின் ரெனடி சிங், கோவாவின் மகேஷ் கவ்லி, தீபக் மண்டல், வங்காளத்துக் கோல்காப்பாளர் சுப்ரதா பால் ஆகியோர் நாட்டுக்காக ஆடினர். அங்கே பயின்ற கல்யாண் சௌபே 2022-ல் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவரானார். இப்பெயர்களை அடுக்கும்போது என் மனம் அடுக்க முடியாத பெயர்களின் பக்கம் செல்கிறது. நாற்றங்காலின் எல்லா நாற்றும் ஒன்றுபோல் தூர் கட்டுவதில்லை. முழங்கால் சவ்வு அறுந்தவர்களும், போதிய உயரம் வளராதவர்களும், பதினெட்டு வயதில் எந்த மன்றத்தாலும் அழைக்கப்படாதவர்களும் ஒவ்வோர் அகாடமியிலும் இருப்பார்கள். அவர்களைப் பற்றிச் செய்தித்தாள் எழுதாது.

இதையெல்லாம் நான் இப்போது எழுதுவதற்கு என் வீட்டில் நேர்ந்த ஒரு செய்தியே காரணம். நாகபுரியில் வாழும் என் மகளின் பிள்ளைக்குப் பதின்மூன்று வயது. வேறொரு மாநிலத்திலுள்ள ஒரு கால்பந்துப் பயிற்சிக் கழகம் அவனைத் தேர்ந்தெடுத்துள்ளது. விடுதியில் தங்க வேண்டும். மாப்பிள்ளை வங்கியில் பணிபுரிபவர், கணக்குப் பார்ப்பவர். “மாமா, நீங்கள் அந்த ஊரில் இருந்து இந்தப் பிள்ளைகளைப் பார்த்தவர். பத்தில் ஒருவன் பெரிய ஆட்டக்காரன் ஆவான் என்றால் மற்ற ஒன்பது பேர் என்ன ஆகிறார்கள்? அதை மட்டும் சொல்லுங்கள்” என்று தொலைபேசியில் கேட்டார். மகள் வேறு கேட்டாள். “அப்பா, அங்கே தமிழில் பேச ஒருவர்கூட இருக்கமாட்டார்களே. வரும்போது என்னோடு இந்தியில் பேசுவானோ?” பேரன் கடைசியில் வாங்கிப் பேசினான். “தாத்தா, போகலாம் என்று சொல்லுங்கள்” என்பதைத் தவிர அவனிடம் வேறு சொல் இல்லை.

மாப்பிள்ளையின் கேள்வி நேர்மையானது. அதற்கு மழுப்பலாக விடை சொல்லக் கூடாது என்று ஒரு வாரம் கழித்துக் கடிதமாகவே எழுதினேன். கழகத்தாரிடம் மூன்று கேள்விகளைக் கேட்கச் சொன்னேன். முதலாவது, பள்ளிப் படிப்பு பன்னிரண்டாம் வகுப்பு வரை முறையாக நடக்குமா, தேர்வு நாட்களில் போட்டி குறுக்கிட்டால் எது நிற்கும்? இரண்டாவது, காயம்பட்டால் மருத்துவம் யார் பொறுப்பு, குணமாகும் வரை பிள்ளை எங்கே இருப்பான்? மூன்றாவது, இவன் தகான் என்று முடிவு செய்தால் அதை எப்போது, எவ்வாறு சொல்வார்கள்? இம்மூன்றுக்கும் எழுத்தில் விடை தரும் இடமானால் பிள்ளையை அனுப்பலாம் என்றும், மூன்றில் ஒன்றைச் சிரித்து ஒதுக்கினாலும் அழைத்துக்கொண்டு வந்துவிட வேண்டும் என்றும் எழுதினேன். அந்த ஒன்பது பேரைப் பற்றி எனக்குத் தெரிந்ததையும் மறைக்கவில்லை. ஆட்டத்தில் பெயர் பெறாத பலர் ரயில்வேயிலும் காவல்துறையிலும் வங்கியிலும் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை பெற்றனர். சிலர் பள்ளிகளில் பயிற்சியாளராயினர். சிலர் ஊர் திரும்பிப் புதிதாகத் தொடங்கினர். அப்படித் தொடங்குவதற்குக் கையில் படிப்பு இருந்தவனுக்கு வழி கிடைத்தது, இல்லாதவன் துன்பப்பட்டான்.

மூன்று கேள்விகளுக்கும் கழகத்தார் எழுத்தில் விடை தந்துவிட்டார்கள். மாப்பிள்ளைக்கு முழு நிறைவில்லை, ஆனாலும் இசைந்தார். வரும் ஆனி மாதத்தில் பேரன் புறப்படுகிறான்.

மகளின் கேள்விக்கு மட்டும் கடிதத்தில் விடை எழுத என்னால் இயலவில்லை. அதற்கு விடை தர வல்லவர்கள் இம்மலரைப் படிக்கும் நீங்களே. இன்று நாட்டின் பல நகரங்களில் இத்தகைய விடுதிகள் உள்ளன. கால்பந்துக்கும் ஹாக்கிக்கும் தடகளத்துக்குமாக வந்து தங்கியிருக்கும் பிள்ளைகளில் நம் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. அதே நகரங்களில் நம் தமிழ்ச் சங்கங்களும் உள்ளன. பொங்கலுக்கும் பாரதி விழாவுக்கும் கூடும் நாம், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இவர்களில் ஒருவனை வீட்டுக்கு அழைத்து ரசமும் சோறும் போட்டு, இரண்டு மணி நேரம் தமிழில் பேசி அனுப்பினால் போதும். 1971-ல் பெயர் தெரியாத என்னை முதல் ஞாயிறன்றே அழைத்து இலை போட்ட சாக்சிக் குடும்பத்தார் அதைத்தான் செய்தார்கள். ஒவ்வொரு சங்கமும் தன் நகரத்திலுள்ள விடுதிகளை விசாரித்து, அங்கே இருக்கும் தமிழ்ப் பிள்ளைகளின் பட்டியல் ஒன்றை இவ்வாண்டே தயாரிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். என் பேரன் செல்லும் நகரத்துச் சங்கத்துக்கு நான் ஏற்கெனவே எழுதிவிட்டேன்.