சுட்டெண்ணுக்குள் எங்கட வருசங்கள்

உயர்தரத்தில் பொருளியல் படித்த எங்களை நித்திரையால் எழுப்பிக் கேட்டாலும் ஒரு வரி சொல்லுவோம்: இலங்கை குறைந்த வருமானத்தோடு உயர்ந்த மனித அபிவிருத்தியைக் கண்ட நாடு. ரியூசன் நோட்ஸில் சிவப்புப் பேனையால் கோடு போட்டு வைத்த வரி. கலைப்பீடத்துக்கு வந்து இரண்டாம் வருடத்தில் அதே வரி திரும்ப வந்தது, இந்தமுறை அட்டவணையோடு. பின்வாங்கில் இருந்த நாங்கள் நாலு பேரும் அந்த அட்டவணையில் எங்களைத் தேடத் தொடங்கினோம்.

அந்த வரி பொய்யில்லை. எக்குவடோரியல் கினி என்று ஆபிரிக்காவில் ஒரு சின்ன நாடு, எண்ணெய் வளம் உள்ள நாடு. 2022 ஆம் ஆண்டுக்கான ஐ.நா. கணக்கில் அங்கேயும் இங்கேயும் தலா வருமானம், நாடுகளுக்கிடையிலான விலை வித்தியாசத்தைச் சரிசெய்த பிறகு, கிட்டத்தட்ட 12,000 டொலர். ஆனால் அங்கே பிறக்கிற பிள்ளைக்கு எதிர்பார்க்கப்படும் ஆயுள் 61 வயது, இங்கே 76. ஒரே வருமானம், 15 வருட வாழ்க்கை வித்தியாசம். 1945 இல் வந்த இலவசக் கல்வி, காசு கேட்காத ஆஸ்பத்திரி, வீடு வீடாக வந்து பிள்ளையை நிறுத்துப் பார்க்கிற குடும்பநல மாது, இதெல்லாம் சேர்ந்து செய்த வேலை அது. பெருமைப்படலாம், நாங்களும் படுகிறோம்.

உற்பத்தியை மட்டும் வைத்து நாடுகளை அளந்தால் என்னவாகும் என்பதற்கு அயர்லாந்து நல்ல உதாரணம். 2015 இல் அந்த நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தி ஒரே வருடத்தில் 26 வீதம் வளர்ந்ததாக அறிவித்தார்கள். பல்தேசியக் கம்பனிகள் தங்கட காப்புரிமை போன்ற சொத்துகளைக் கணக்கில் அங்கே மாற்றியதுதான் பெரிய காரணம். டப்ளினில் பஸ் ஓடுகிறவரின் சம்பளம் 26 வீதம் ஏறவில்லை. இங்கேயும் ஒரு 26 இருக்கிறது. 2019 யூலையில் உலக வங்கி இலங்கையை மேல் நடுத்தர வருமான நாடு என்றது. அடுத்த வருடமே கீழே இறக்கியது. எங்கட தலா வருமானம் 4,020 டொலர், எல்லைக்கோடு 4,046. தலைக்கு 26 டொலர் குறைந்ததால் நாட்டின் பெயர்ப்பலகை மாறியது. தெருவில் இருந்த ஒருவருக்கும் அது தெரிந்திராது.

வடமாகாணத்தின் கதை இன்னும் கசப்பு. யுத்தம் முடிந்த கையோடு, மத்திய வங்கியின் மாகாணக் கணக்கில் வடக்கு வருடத்துக்கு 20 வீதத்துக்கு மேல் வளர்ந்தது. நாட்டிலேயே முதலிடம். வீடு உடைந்தபோது அந்தக் கணக்கில் எதுவும் கழிபடவில்லை. அதே வீட்டைத் திரும்பக் கட்ட வாங்கின சீமெந்து மட்டும் கூட்டப்பட்டது. எங்களில் ஒருத்தி முல்லைத்தீவுக்காரி. “அப்ப நாங்கள் தறப்பாளுக்குக் கீழ இருந்தனாங்கள், வளர்ந்துகொண்டு இருந்திருக்கிறம் போல” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

இந்தக் குருட்டுத்தனத்துக்கு மாற்றாகத்தான் 1990 இல் மஹ்பூப் உல் ஹக் மனித அபிவிருத்திச் சுட்டெண்ணைக் கொண்டுவந்தார். அமர்த்தியா சென் அதற்கு உதவினார். ஆனால் இவ்வளவு பெரிய விசயத்தை ஒற்றை எண்ணுக்குள் அடக்குவதில் சென்னுக்கு முதலில் விருப்பமில்லை. சுட்டெண்ணின் வேலை சுகமானது. ஆயுள், படிப்பு, வருமானம் மூன்றையும் 0 இலிருந்து 1 வரை அளக்கிறார்கள். ஆயுளுக்கு 20 வயது பூச்சியம், 85 வயது ஒன்று. வருமானத்துக்கு மடக்கை எடுப்பார்கள். 1,000 டொலர் 2,000 ஆவதும், 20,000 டொலர் 40,000 ஆவதும் அங்கே ஒரே அளவு முன்னேற்றம். இல்லாதவன் கையில் வருகிற காசுக்கு மதிப்புக் கூட என்பதை ஒரு சூத்திரம் ஒப்புக்கொள்கிறது. எங்களுக்கு அதில் பிடித்த இடம் இது.

படிப்புக்கு வருவோம், ஏனென்றால் நாங்கள் அங்கேதான் இருக்கிறோம். வளர்ந்தவர்கள் சராசரியாக எத்தனை வருடம் படித்தார்கள், இப்போது பள்ளிக்கூடம் சேர்கிற பிள்ளை எத்தனை வருடம் படிக்கும் என்று எதிர்பார்க்கலாம், இந்த இரண்டு எண்கள்தான். இரண்டாவதற்கு 18 வருடம் உச்சம். பல்கலைக்கழகப் பதிவும் அதில் சேரும். ஆக, கம்பஸ் அடையாள அட்டை கழுத்தில் தொங்குகிற நாங்கள் ஒவ்வொருவரும் இலங்கையின் சுட்டெண்ணைத் துளி துளியாக உயர்த்துகிறவர்கள். லெக்சர் நடந்ததா, வேலைநிறுத்தமா என்று சுட்டெண் கேட்பதில்லை. பதிவு இருந்தால் போதும்.

எங்கட பட்ச் 2021 இல் எழுதவேண்டிய உயர்தரப் பரீட்சையை 2022 பெப்ரவரியில் எழுதினது. கரண்ட் இல்லாத இரவுகளில் படித்தோம். அந்த வருடம் செப்ரெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது, பொருளாதாரம் 7 வீதத்துக்கு மேல் சுருங்கியது. மேல்மாகாணத்தில் கடதாசி இல்லாமல் தவணைப் பரீட்சையையே தள்ளிவைத்தார்கள். சுட்டெண் என்ன செய்தது? 2021 க்கு 0.782 என்று ஒரு அறிக்கை, 2022 க்கு 0.780 என்று அடுத்த அறிக்கை. வேறு வேறு அறிக்கைகளின் எண்களைப் பக்கத்தில் வைக்கக்கூடாது என்று சேர் சொல்லுவார், சரிதான். எப்படி வைத்தாலும் அது ஆடவில்லை. ஆடவும் ஏலாது. ஒரு வருடம் பால்மா இல்லாவிட்டால் ஆயுள் உடனே குறையாது, ஏற்கெனவே படித்த வருடங்களை எவரும் பறிக்கவும் மாட்டார்கள். அம்மா இரவுச் சாப்பாட்டை விட்டதற்கு அதில் இடமில்லை. 2022 இல் வேலைக்கென்று வெளிநாடு போன 3 லட்சத்துக்கு மேற்பட்டவர்களில் எங்களோடு படித்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் படித்த வருடங்கள் இங்கே கூட்டப்பட்டவை.

அப்படியென்றால் சுட்டெண்ணைத் தூக்கி எறியலாமா? எங்களுக்குள் இதில் சண்டை. உற்பத்தி எண்ணோடு ஒப்பிட்டால் இது ஆயிரம் மடங்கு மேல் என்பது எங்களில் மூன்று பேரின் கட்சி. நாலாவது ஆள், நுவரெலியாப் பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவள், ஒத்துக்கொள்ளவில்லை. அவளுக்கு விஞ்ஞானம் படிக்கத்தான் ஆசை. உயர்தர விஞ்ஞான வகுப்பு இருந்த பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பஸ் மாறவேண்டும். லயத்திலிருந்து விடிய நாலு மணிக்கு வெளிக்கிடோணும், அம்மா கொழுந்துக்குப் போகிற நேரத்துக்கும் முன்னம். அதனால் கலைப்பிரிவு. “என்ட 13 வருசமும் கொழும்புப் பிள்ளையின்ட 13 வருசமும் ஒரே 13 ஆ?” என்று கேட்டாள். சுட்டெண்ணில் ஒரே 13 தான். சமமின்மைக்காகக் கழித்துப் பார்க்கிற இன்னொரு சுட்டெண்ணை ஐ.நா. 2010 இலிருந்து வெளியிடுகிறது, இலங்கையின் எண் அதில் கீழே இறங்கும். ஆனால் பேப்பரில் தலைப்பாக வருவது முதலாவதுதான்.

இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புக் கேட்டபோது, நாடுகளை ஒப்பிடுவதை விட்டுவிட்டு ஒரு பிரதேச செயலகப் பிரிவை மட்டும் எடுத்துக்கொண்டோம். சின்னனாக இருக்கிறது என்று முகம் சுளித்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். வினாக்கொத்து அரைவாசி முடிந்துவிட்டது. முதல் கேள்வியை அவள்தான் எழுதினாள்: உங்கட வீட்டிலிருந்து உயர்தர விஞ்ஞான வகுப்புக்குப் போக எத்தனை பஸ்?