நாலு லீற்றர்

2022 ஜூலை 19, செவ்வாய்

எரிபொருள் பாஸ் கிடைத்துவிட்டது. போனில் ஒரு கறுப்புக் கட்டம். மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர். ஆட்டோவுக்கு ஐந்து. பெற்றோல் 450 ரூபா. சசி நம்பர் உப்புத் துருவுக்குள் மறைந்து கிடந்தது, தேய்த்துத் தேய்த்துத்தான் வாசித்தேன். பழைய ஸ்ரீ நம்பர், எடுக்காது என்று நினைத்தேன். எடுத்தது.

மனைவி உடனே, "அப்ப ஆவணித் திருநாளுக்கு மடுவுக்குப் போவம்" என்றாள். போய்வர நூறு கிலோமீற்றர் வரும். என் மோட்டார் சைக்கிள், இந்த ரோட்மாஸ்டர், இப்போது லீற்றருக்கு இருபது தந்தாலே பெரிய காரியம். கணக்கை அவளுக்குச் சொல்லவில்லை.

பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தேன். கறுப்பு.

ஜூலை 20, புதன்

ஜனாதிபதி வாக்கெடுப்பில் ரணிலுக்கு 134 வாக்கு. பக்கத்துச் சம்மாட்டி வீட்டில் ரேடியோவைச் சத்தமாக வைத்துக் கேட்டார்கள். பிறகு அவர் வேலியடிக்கு வந்து, "இனியாவது கடலுக்குப் போக எண்ணெய் வருமோ மாஸ்ரர்?" என்றார். நான் என்ன மந்திரியா.

இரண்டு பிளக்கும் ஒரே அளவு கறுப்பு. ஒன்று மட்டும் என்றால் கொயிலைப் பார்க்கலாம், ரிங்கைப் பார்க்கலாம். இரண்டும் என்றால் காபரேட்டர்தான். இரண்டு சிலிண்டருக்கும் அது ஒன்றுதானே.

நித்திரை வரவில்லை. வெக்கை.

ஜூலை 23, சனி

கழற்றினேன். கிண்ணத்து ஸ்குரூ ஒன்று தலை தேய்ந்து சுற்றிக்கொண்டே நின்றது. அரை நாள் அதோடு போச்சு.

கிண்ணத்தின் அடியில் பச்சையும் மஞ்சளுமாகப் பசை. பசைக்குள் மணல். ஒரு மூலையில் அலுமினியம் வெள்ளை மாவாக உதிர்கிறது, நகம் வைத்தால் வருகிறது. இந்தச் சோளகம் உப்பைக் கொண்டுபோய்ச் சேர்க்காத இடமே இல்லை. மூடி வைத்த பால்மா டின்னுக்குள்ளும் போகும்.

விரல் இடுக்கெல்லாம் எரிச்சல். சோற்றில் பெற்றோல் மணம். இவள் தன் கோப்பையைத் தள்ளி வைத்துச் சாப்பிட்டாள்.

ஜூலை 24, ஞாயிறு

பூசையில் மனம் நிற்கவில்லை. பிரசங்கம் முழுக்க ஸ்லோ ஜெட்.

வந்ததும் அதை வெயிலுக்கு நேரே பிடித்தேன். வெளிச்சம் வரவில்லை. முழு அடைப்பு. 38 என்று பொறித்திருக்கிறது. 0.38 மில்லிமீற்றர்த் துளை. கம்பி விடக்கூடாது. பித்தளை மெதுமையானது, ஒருமுறை கீறினாலே அளவு போய்விடும். சம்மாட்டியிடம் ஆக மெல்லிய தங்கூசி ஒரு முழம் கேட்டேன். "மீன் பிடிக்கவோ?" என்று சிரித்தார்.

மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, தங்கூசியை நுழைத்து இழுத்து, ஊதி, திரும்பவும் நுழைத்து. விளக்கு வைக்கிற நேரம் துளைக்குள் ஒரு வெளிச்சப் பொட்டு. நல்ல வட்டம். இவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ஒண்டும் தெரியேல்லை" என்றாள். கண்ணாடி போடாமல் பார்த்தால் எப்படித் தெரியும்.

ஜூலை 27, புதன்

பூட்டினேன். மிதித்தேன், மிதித்தேன். பிடித்தது. கையை விட்டால் நின்றுவிடுகிறது. திரும்ப மிதி. வலது முழங்கால் வீங்கிவிட்டது. கேற்றடியில் கழுதை ஒன்று இவ்வளவையும் பார்த்துக்கொண்டு நின்றது. போகவும் இல்லை.

இரவு மின்வெட்டு. இந்தத் தீவின் தென்கரையில் தம்பபவனியின் முப்பது காற்றாலையும் இந்தக் காற்றுக்குச் சுற்றோ சுற்றென்று சுற்றும். 103.5 மெகாவாட். நான் மெழுகுதிரியில் முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறேன்.

பிளக் கறுப்பு.

ஜூலை 30, சனி

இன்றைக்கு மெயின் ஜெட். பூதக்கண்ணாடியில் பார்த்தால் துளை வட்டம் இல்லை. முட்டை வடிவம். உள்ளே கம்பி கீறிய கோடுகள். நம்பரே தேய்ந்துபோய்விட்டது.

எரிபொருள் தடைக்காலத்து வேலை. மடுவில் அகதியாக இருந்த நாட்கள். பெற்றோலைப் போத்தலால் பீச்சி ஸ்ரார்ட் எடுத்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டம். மண்ணெண்ணெய் தடிப்பு, அதுக்கு வழி விட்டு அகட்டியிருக்கிறார்கள். ஐயாவோ, வேறு ஆரோ. அன்றைக்கு ஓடியது. அந்தப் புகை மணம் இப்பவும் மூக்கில் ஏறும். அந்தத் துளைக்குள்ளால்தான் இத்தனை வருடமும் பெற்றோல் கொட்டியிருக்கிறது.

நிற்கும்போது பட்டினி, ஓடும்போது பெருந்தீனி. பிறகு பிளக் கறுக்காமல்?

வவுனியா மச்சானுக்குப் போன் போட்டேன். ஜெட் தேடிப் பார்க்கிறானாம். அவன் தேடுகிற சீர் எனக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 1, திங்கள்

இன்றிலிருந்து நாடு முழுக்கக் கியூஆர். காலமையே கியூ. யாரும் எஞ்சினைப் போடுவதில்லை, முன்னால் ஆள் நகர்ந்தால் தள்ளுகிறோம். நாலு லீற்றர் விழுகிற சத்தம் நல்லாயிருந்தது. கனநேரம் விழவில்லை.

ஜெட் வந்துவிட்டது! பஸ் கொண்டக்டர் கையில், தீப்பெட்டிக்குள், பஞ்சு சுற்றி. மச்சானைப் பற்றி எழுதியதை வெட்டவில்லை, கிடக்கட்டும்.

ஆகஸ்ட் 4, வியாழன்

புது மெயின் ஜெட். ஊசியின் கிளிப்பை நடுப் பள்ளத்தில் போட்டேன். புளோட் உயரத்தையும் அடிமட்டத்தால் பார்த்தேன். ஓட்டத்தில் நல்ல மாற்றம், இழுக்கிறது. ஆனால் ஐடில் நிற்கவில்லை. தானாக ஏறுகிறது, தானாக இறங்குகிறது, பிறகு சாகிறது.

இவள் ஏதோ கேட்டாள், கத்திவிட்டேன். என்ன கேட்டாள் என்றே இப்போது நினைவில்லை. கதை பேச்சு இல்லை.

பிளக் ஓரத்தில் மண்ணிறம். நடுவில் கறுப்பு.

ஆகஸ்ட் 6, சனி

மடுவில் கொடியேற்றம். இவள் மாதா படத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தினாள். சைக்கிளைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டாலும் எரிச்சல் வரும், கேட்காததில் இன்னும் வருகிறது.

பின்னேரம் சவர்க்காரத் தண்ணீரைக் காபரேட்டர் சேருமிடத்தில் தடவினேன். எஞ்சினின் குரல் மாறியது. துடைத்தேன், பழையபடி. தடவினேன், மாறியது. அங்கேதான் கள்ளக் காற்று இழுக்கிறது! ஓரிங் தட்டையாகி இறுகிப்போயிருக்கிறது. கடைகளில் இல்லை.

சம்மாட்டி தன் படகு எஞ்சின் சாமான் பெட்டியைத் தூக்கி வந்து திண்ணையில் கொட்டினார். "அது சும்மாதானே கிடக்குது, எடுங்கோ." ஒன்று பொருந்தியது. காசு வாங்கவில்லை.

ஆகஸ்ட் 7, ஞாயிறு

எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, ஏர் ஸ்குரூவை முட்டும் வரை மெதுவாக உள்ளே விட்டு, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்தேன். பிறகு கால் கால் சுற்றாக. உள்ளே விட்டால் குரல் கனக்கிறது. வெளியே எடுத்தால் தெளிகிறது, இன்னும் எடுத்தால் தடுமாறுகிறது. அந்தத் தெளிவுக்கும் தடுமாற்றத்துக்கும் இடையில் ஓரிடம். அங்கே விட்டுவிட்டு ஐடிலைக் குறைத்தேன். திரும்பவும் ஏர் ஸ்குரூ. திரும்பவும் ஐடில்.

கையை எடுத்தேன். நின்றது. சாகவில்லை. நானும் அசையவில்லை.

இவள் தேத்தண்ணீரோடு வந்து, "சத்தம் மாறிட்டுது" என்றாள். வியாழனுக்குப் பிறகு முதல் கதை. சீனி கூடப் போட்டிருந்தாள்.

ஆகஸ்ட் 10, புதன்

டாங்கை வடித்து, அளந்து ஒரு லீற்றர் விட்டு, பேசாலைப் பக்கம் ஓட்டம். திரும்பி வந்து இன்னும் சுற்றி, 38 கிலோமீற்றரில் நின்றது. நாலால் பெருக்கினால் 152. வீதியோரம் நின்றே பெருக்கினேன். கையிலிருந்த போத்தலை ஊற்றி வீடு வந்தேன். காற்று முகத்தில் மண்ணை அள்ளி அடித்தது, பல்லுக்குள் நறநற. பரவாயில்லை.

பிளக் கோப்பி நிறம். இரண்டும்.

ஆகஸ்ட் 13, சனி

பயம். அன்று போனது தனி ஆள். இவளும் பையும் ஏறினால் 38 வருமா. பாலத்தில் குறுக்குக் காற்று வேறு. பஸ்ஸிலேயே போகலாம் என்றேன். ஒரு பார்வை பார்த்தாள். இடியப்பத்துக்கு மா வறுக்கிறாள்.

ஏர் ஸ்குரூவைத் தொடவேண்டும் போல் கை துருதுருக்கிறது. தொடமாட்டேன்.

ஆகஸ்ட் 16, செவ்வாய்

போனோம். வந்தோம். முருங்கன் தாண்டிய பிறகுதான் எனக்கு மூச்சு ஒழுங்காக வந்தது. திருநாள் பூசையில் சனத்துக்குள் இவளைக் கொஞ்ச நேரம் தவறவிட்டேன். அந்தக் காலம் எங்கள் கொட்டில் நின்ற இடத்தை இவள் காட்டினாள். நான் வேறு மரத்தைச் சொன்னேன். வழிநெடுக அதே வாக்குவாதம், காதுக்குள் கத்தி.

டாங்கில் இன்னும் பெற்றோல் இருக்கிறது. ஆட்டிப் பார்த்தேன்.

இடுப்பு வலி. இரண்டு பேருக்கும்.

ஆகஸ்ட் 22, திங்கள்

நள்ளிரவிலிருந்து மண்ணெண்ணெய் 340 ரூபா. நேற்று 87.

சம்மாட்டி வாசலில் இருந்தார். கதைக்கவில்லை. நானாகத்தான் போய், படகு எஞ்சினின் காபரேட்டரைக் கழுவிச் சரிக்கட்டித் தருகிறேன் என்றேன்.

"எண்ணெய் குறையக் குடிக்குமோ மாஸ்ரர்?"

குறையும் என்றேன். எவ்வளவு என்று கேட்டார். கழற்றிப் பார்க்காமல் சொல்லமாட்டேன் என்றேன். திரும்பவும் கேட்டார். சனிக்கிழமை கழற்றுகிறோம். தங்கூசி அவருடையது.