ஊத்துறதுக்கு முன்னாடி ஒரு தடவை மோந்து பாருங்க

ராத்திரி ரெண்டு மணிக்கு உங்க ரூம்மேட் பாத்ரூமுக்குள்ள போய், கதவு இடுக்குல பெட்ஷீட்டைச் சொருகி, லைட்டை அணைச்சிட்டு அரை மணி நேரம் வெளியே வரலைன்னா என்ன நினைப்பீங்க? என் ரூம்மேட்டும் அதையேதான் நினைச்சான். வார்டனைக் கூப்பிடலாமான்னுகூட யோசிச்சிருக்கான். நான் வெளியே வந்தப்போ கையில ஒரு கறுப்பு பிளாஸ்டிக் டேங்க், அதுக்குள்ள ஒரு ஃபிலிம் ரோல். அவ்வளவுதான் விஷயம்.

கேமரா மாமாவோடது. பென்டாக்ஸ் கே1000. முழுக்க மெக்கானிக்கல். பட்டன் பேட்டரி லைட் மீட்டருக்கு மட்டும்தான், அது செத்தாலும் ஷட்டர் ஓடும். மாமா காலேஜ் படிச்ச காலத்துல ஊட்டியில தயாரான 'இந்து' ஃபிலிம் போட்டுப் படம் எடுத்திருக்கார். அந்த ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ஆலை இப்போ மூடிக் கிடக்கு. நான் இங்கிலாந்துல இருந்து வர்ற இல்ஃபோர்ட் எச்பி5 வாங்குறேன். ஒரு ரோலுக்கு 36 படம். கேண்டீன் கணக்கை நிறுத்தி வச்சாதான் கட்டுப்படி ஆகும்.

முதல் ரோல்ல 36 தடவை கிளிக் பண்ணேன். கழுவிப் பார்த்தா ஒரு படம்கூட இல்லை. ஆனா ஃபிலிம் ஓரத்துல கம்பெனி பேரும் நம்பரும் பளிச்சுன்னு இருந்துச்சு. அது ஆலையிலேயே ஒளி பட வச்சு அனுப்புறது. ஆக, கெமிக்கல் வேலை செஞ்சிருக்கு, கேமராவுக்குள்ள ஃபிலிமே நகரலை. லோட் பண்ணும்போது பல்சக்கரத்துல சரியா மாட்டலை. அப்புறம்தான் மாமா சொன்னார்: லீவரை இழுக்கும்போது இடதுபக்க ரீவைண்ட் குமிழும் சேர்ந்து சுத்துதான்னு பாருடா. இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம், மாமா.

கழுவுறதுல பெரிய வில்லன் நம்ம ஊர் வெயில். டி-76 டெவலப்பரை ஒண்ணுக்கு ஒண்ணு தண்ணி கலந்தா, எச்பி5-க்கு 20 டிகிரியில 11 நிமிஷம். ஏப்ரல்ல ஹாஸ்டல் குழாய்ல வர்றது கிட்டத்தட்ட வெந்நீர். மெஸ் அண்ணன்கிட்ட ஐஸ் வாங்கி, பக்கெட்டுக்குள்ள பாட்டிலை நிக்க வச்சு, 24 டிகிரிக்கு இறக்குவேன். அங்கே ஏறத்தாழ ஏழரை நிமிஷம் போதும். டெவலப்பர், கழுவல், ஃபிக்சர், மறுபடி நல்லா கழுவல். கடைசித் தண்ணியில ஒரு சொட்டு ஷாம்பு, இல்லைன்னா நீர்த்திட்டு அப்படியே காஞ்சு நிக்கும். கொடியில கிளிப் மாட்டித் தொங்கவிட்டுட்டு ஃபேனை நிறுத்தணும். ரூம்மேட்டுக்கு என் மேல கோபம் வந்ததுக்கு அதுதான் நிஜக் காரணம்.

இவ்வளவு பழகின பிறகுதான் அம்மாச்சி வீடு விக்கிற சேதி வந்துச்சு. திருமங்கலம் பக்கத்துல கிராமம். வாங்கினவங்க இடிச்சிட்டுக் கட்டப் போறாங்கன்னு தெரியும். கடைசியா எல்லாரும் ஒரு நாள் போனோம். போனதும், கேமராவுல இருந்த பழைய ரோல்ல மிச்சமிருந்த மூணு ஃபிரேமை அவசரமாத் தள்ளிவிட்டுட்டு புது ரோல் போட்டேன். சித்தி பையன் போன்ல வீடு பூரா வீடியோ எடுக்க ஆரம்பிச்சான். நான்தான், "வேண்டாம்டா, நான் ஃபிலிம்ல எடுக்கிறேன்ல"ன்னு நிறுத்தினேன். மத்தவங்க போன்ல எல்லாம் செல்ஃபிதான். முகங்களுக்குப் பின்னாடி கையகலச் சுவர்.

திண்ணை, அம்மி, பரண், முற்றத்துல விழுற வெயில்னு 36-ம் எடுத்தேன். அடுப்படி நிலைக்கால்ல அம்மாவும் மாமாவும் வளர வளர, தாத்தா கரியால போட்ட உயரக்கோடுகள் இருந்துச்சு. அதுக்கு மட்டும் மூணு ஃபிரேம்.

ஹாஸ்டல் வந்த அன்னிக்கே கழுவ உட்கார்ந்தேன். டெவலப்பரும் ஃபிக்சரும் ஒரே மாதிரி ஒரு லிட்டர் கூல்டிரிங்க்ஸ் பாட்டில்ல. ரெண்டும் தண்ணி மாதிரிதான் இருக்கும். ஸ்கெட்ச் பேனாவுல எழுதின லேபிள் ஐஸ் பக்கெட்டுல ஊறி அழிஞ்சிருந்துச்சு. ஏழரை நிமிஷம் முடிஞ்சு கொட்டும்போதுதான் மூக்குல அடிச்சுது, வினிகர் வாடை. ஃபிக்சரை முதல்ல ஊத்தியிருக்கேன்.

இதோட அர்த்தம் என்னன்னா: ஒளி பட்ட இடத்துல வெள்ளி உப்புத் துகள்ல கண்ணுக்குத் தெரியாத ஒரு அடையாளம் விழும். டெவலப்பர் அந்தத் துகளைக் கறுப்பு வெள்ளியா மாத்தும். மாறாத மிச்சத்தை ஃபிக்சர் கரைச்சு எடுக்கும். வெள்ளி உப்பை ஹைப்போ கரைக்கும்னு ஜான் ஹெர்ஷல் 1819-லேயே கண்டுபிடிச்சார். டெவலப்பருக்கு முன்னாடி அதை ஊத்தினா, மாறினது எதுவும் இல்லாததால மொத்தமும் கரையும். இது எனக்குத் தெரியும். தெரிஞ்சும், அதுக்கப்புறம் டெவலப்பரை ஊத்தி, ஏழரை நிமிஷம் டைமர் வச்சு ஆட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்.

திறந்தா கண்ணாடி மாதிரி ஃபிலிம். ஓரத்து நம்பர்கூட இல்லை.

அம்மா ஞாயித்துக்கிழமை போன்ல முதல்ல கேட்டதே, "அந்த நிலைக்கோடு எடுத்தியா?"

"எடுத்தேன்மா. இன்னும் கழுவலை."

மூணு ஞாயிறு இதையே சொன்னேன். அதுக்குள்ள ஜேசிபி வந்துட்டுப் போயிருச்சு.

ட்ராயர்ல கிடந்த பழைய ரோல் ஞாபகம் வந்தது நாலாவது வாரம். இந்தத் தடவை கேசட்டுக்கு வெளியே நீட்டிட்டிருக்கிற நுனியை வெட்டி முதல்ல டெவலப்பருக்குள்ள போட்டேன். வெளிச்சம் பட்ட துண்டு, ரெண்டு நிமிஷத்துல கறுத்துச்சு. ஃபிக்சரா இருந்தா வெளுத்திருக்கும். ஒரு சின்னத் துண்டு ஃபிலிம். அன்னிக்கு இதைச் செஞ்சிருந்தா நான் இதை எழுதவே வேண்டியிருந்திருக்காது.

கடைசி மூணு ஃபிரேமும் வந்துச்சு. லேப்டாப்ல வெள்ளைத் திரை போட்டு, ரெண்டு அழிரப்பர் வச்சு ஃபிலிமைக் கொஞ்சம் தூக்கி நிறுத்தி (ஒட்டி வச்சா திரையோட பிக்சலும் சேர்ந்து விழும்), போன்ல எடுத்துக் கலரைத் திருப்பினேன். முதல்ல திண்ணை, இருட்டா. ரெண்டாவதுல அம்மாச்சி, ஃபோகஸ் இல்லாம. மூணாவது ஆட்டத்துல எடுத்தது. அதுல இடது மூலையில அடுப்படி நிலை, சாம்பலா ஒரு பட்டை. கோடு எதுவும் தெரியலை.

ஊருக்குப் போய் அம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டு அந்தப் படத்தைக் காட்டினேன். அம்மா திட்டலை. ரொம்ப நேரம் பேசவும் இல்லை. அப்புறம் ரெண்டு விரலால படத்தைப் பெரிசாக்கி, அந்தச் சாம்பல் பட்டையில ஒரு இடத்துல விரலை வச்சாங்க. "இது நான் ஆறாவது படிக்கும்போது." விரலைக் கொஞ்சம் மேலே நகர்த்தினாங்க. "இது உன் மாமா. நுனிக்காலைத் தூக்கி நின்னுட்டு என்னைவிட வளத்தின்னு சொன்னான்."

போனைத் திருப்பிக் கொடுக்கும்போது, "இனிமே ஃபிலிம்ல எடுத்தாலும் போன்லயும் ஒண்ணு எடுத்துக்கோ"ன்னாங்க.

எடுத்துக்கிறேன். ஃபிக்சர் பாட்டில்ல ரெண்டு ரப்பர் பேண்டும் மாட்டியிருக்கேன்.