முதல் குரலை நம்பும் இயந்திரங்கள்

டெல்லியில் ஒரு தனியார் அலுவலகம். மாதத்தின் கடைசி நாள். பகல் பன்னிரண்டு மணிக்குள் சம்பளப் பட்டியல் வங்கிக்குப் போயாக வேண்டும். பதினொன்றுக்கு மூன்றாவது மாடியில் பாதி கம்ப்யூட்டர்களில் இணையம் இல்லை.

நெட்வொர்க்கைக் கவனிக்கும் எஞ்சினியர் ஓடி வருகிறார். வயர்கள் சரி, சர்வரும் சரி. ஆனால் மக்கர் செய்யும் கம்ப்யூட்டரின் முகவரி 192.168 என்று தொடங்குகிறது. அந்த அலுவலகத்து முகவரிகள் 10 என்றுதான் தொடங்க வேண்டும். யாரோ இடையில் புகுந்து முகவரி விநியோகிக்கிறார்கள்!

கணக்குப் பிரிவில் ஒரு மேஜைக்கு அடியில் குற்றவாளி அகப்படுகிறது. வைஃபை சரியாகக் கிடைக்கவில்லையே என்று ஓர் ஊழியர் வீட்டிலிருந்து கொண்டுவந்த சின்ன ரவுட்டர். வயரைத் தவறான துளையில் செருகிவிட்டார், அவ்வளவுதான். அதைப் பிடுங்கி, கம்ப்யூட்டர்களை மீண்டும் இயக்கியதும் பட்டியல் போய்விட்டது. பன்னிரண்டடிக்கப் பத்து நிமிடம் பாக்கி.

குழப்பத்தின் வேர் டி.எச்.சி.பி. என்ற ஏற்பாட்டில் இருக்கிறது. ஒரு காலத்தில் பொறுப்பாளர்கள் நோட்டுப் புத்தகமும் கையுமாக மேஜை மேஜையாகப் போய் எண்களைத் தட்டினார்கள். ஒரே எண் இருவருக்குப் போனால் தகராறுதான். அந்தத் தொல்லையைத் தீர்க்க 1993 அக்டோபரில் வந்தது டி.எச்.சி.பி. அமெரிக்காவின் பக்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரால்ஃப் ட்ரோம்ஸ் எழுதிய விதிமுறை. இன்றும் அடிப்படையாக இருப்பது அவரே 1997இல் திருத்திய வடிவம்.

வேலை செய்யும் விதம் எளிது. ஊருக்குப் புதியவன் தெருவில் நின்று கூப்பிடுவதுபோல, கம்ப்யூட்டர் 'யாராவது இருக்கிறீர்களா?' என்று எல்லோருக்கும் கேட்கக் கூவுகிறது. சர்வர் ஒரு முகவரியைக் காட்டுகிறது. 'அதையே கொடுங்கள்' என்கிறது கம்ப்யூட்டர். 'எடுத்துக்கொள்' என்கிறது சர்வர். முகவரி சொந்தமல்ல, குத்தகைதான். வழக்கமாகப் பாதிக் காலம் கழிந்ததும் கம்ப்யூட்டர் புதுப்பிக்கக் கேட்கும்.

முகவரியோடு எண்ணிட்ட 'ஆப்ஷன்'களும் வரும். 3 வெளியே போகும் வாசலைச் சொல்லும். 6 இணையப் பெயர்களுக்கு முகவரி சொல்லும் சர்வரைக் காட்டும். 42 சரியான நேரத்தை யாரிடம் கேட்பது என்று சொல்லும். 51 குத்தகைக் காலம்.

வசதிதான். ஆனால் பதில் சொன்னவர் யார் என்று கம்ப்யூட்டர் விசாரிப்பதில்லை. பெரும்பாலும் யார் முந்துகிறாரோ அவர் சொன்னதே வேதம். அடையாளம் சரிபார்க்கும் முறை ஒன்று 2001லேயே வகுக்கப்பட்டது. அதை அனேகமாக யாரும் சீந்தவில்லை.

விபரீதம் 2024 மே மாதம் வெளிச்சத்துக்கு வந்தது. இந்த இடத்துக்குப் போக இந்த வழி என்று கற்றுக்கொடுப்பது ஆப்ஷன் 121. 2002இல் வந்தது. அதே நெட்வொர்க்கில் இருக்கும் ஒரு போலி சர்வர் இதைக் கொண்டு, வி.பி.என். என்ற ரகசியச் சுரங்கத்துக்குள் போக வேண்டிய தகவலை வெளியே திருப்பிவிடலாம் என்று லெவியதன் செக்யூரிட்டி நிறுவன ஆய்வாளர்கள் காட்டினார்கள். திரையில் வி.பி.என். இயங்குவதாகவே தெரியும்! ஆண்ட்ராய்டு போன்கள் தப்பின. காரணம், அவை 121ஐக் கண்டுகொள்வதே இல்லை.

மேஜைக்கு அடியில் கிடந்தது அறியாமை. அதுவே யாரோ திட்டமிட்டு வைத்ததாக இருந்திருந்தால்? எஞ்சினியரை உறுத்துவது அதுதான். அன்று மாலையே ஸ்விட்சுகளில் 'ஸ்னூப்பிங்' என்ற காவலை இயக்குகிறார். அவர் குறித்த துளை வழியாக வரும் பதில் மட்டுமே இனிச் செல்லும். மற்றவை வாசலிலேயே நின்றுவிடும். ஹோட்டலிலும் விமான நிலையத்திலும் முக்கியமான வேலைக்குத் தன் போனின் இணைப்பையே பயன்படுத்துவது அவருடைய பழைய வழக்கம்.

ரவுட்டரைக் கேட்டு, திட்டு விழும் என்று பயந்தபடி வந்து நிற்கிறார் கணக்குப் பிரிவு ஊழியர். "வீட்டுக்கு எடுத்துப் போங்க சார். உங்க மூலைக்கு வைஃபை வர நாளைக்கு நானே ஏற்பாடு பண்றேன்" என்கிறார் எஞ்சினியர்.