எங்கேர்ந்து வந்துச்சு இந்தப் பணம்?

காலையில பேங்க்ல 60,000 ரூபாய் கட்டப் போனேன்.
பான் கார்டு கேட்டாங்க. "பணம் எங்கேர்ந்து சார்?"னும் கேட்டாங்க.
சீட்டு எடுத்த காசுங்க.
என்னையும் ஒரு பெரிய ஆளா நினைச்சுட்டாங்களேன்னு கொஞ்சம் பெருமையாக்கூட இருந்துச்சு 😀

வெளியே டீ குடிக்கும்போதுதான் தேர்தல் பத்திரம் ஞாபகம் வந்துச்சு.

வங்கியில வாங்கிக் கட்சிக்கு நன்கொடையா கொடுக்கிறதுக்காக 2018ல மத்திய அரசு கொண்டுவந்துச்சு. கட்சிக்கு யார் கொடுத்தாங்கன்னு வெளியே தெரியாது. கறுப்புப் பணத்தை ஒழிக்கிற வழியாம்!
ஆனா ஒவ்வொரு பத்திரத்துலயும் வெறும் கண்ணுக்குத் தெரியாத ஒரு எண். புற ஊதா வெளிச்சத்துல காட்டினாத்தான் தெரியும். பாதுகாப்புக்காகன்னு விளக்கம் வேற.
வித்தது அரசு வங்கியான ஸ்டேட் பேங்க். யார் வாங்கினாங்கன்னு அதுக்குத் தெரியும்.
அப்ப ரகசியம் யார்கிட்டேர்ந்து? ஓட்டுப் போடுற நம்மகிட்டேர்ந்துதான்.

நமக்கு அதைத் தெரிஞ்சுக்கிற உரிமை கிடையாதுன்னு 2023ல உச்ச நீதிமன்றத்துலயே அரசுத் தரப்புல எழுதிக் கொடுத்தாங்க. இதைத்தான் என்னால இன்னும் ஜீரணிக்க முடியல.

2024 பிப்ரவரி 15ல திட்டமே செல்லாதுன்னு தீர்ப்பு.
கோர்ட் கேட்ட பத்திர விவரத்தைக் கொடுக்க ஜூன் 30 வரைக்கும் டைம் கேட்டுச்சு ஸ்டேட் பேங்க். அதுக்குள்ள தேர்தலே முடிஞ்சுடும்ல?
கோர்ட் அதட்டுச்சு. மறுநாளே வந்துடுச்சு!

அதிகமா வாங்கினது பாஜக.
அதிகமா கொடுத்தது நம்ம கோவை லாட்டரி கம்பெனி, 1,368 கோடி. அதுல 509 கோடி திமுகவுக்கு.
ரெண்டு பக்கமும் கோவிச்சுக்காதீங்க.

பட்டியல் தேர்தல் ஆணையம் வெளியிட்டதுதான். உங்க கட்சிக்கு யார் கொடுத்தாங்கன்னு ஒரு தடவையாவது பாத்தீங்களா?