கப்பலில் அம்மாவின் அறை

2023 மே 14, ஞாயிறு

மோக்கா புயல் மியன்மார்க் கரையில் ஏறிவிட்டதாம். எங்கள் கல்லடிக் கடல் அமைதிதான். இரவு தங்கச்சி ரொறன்ரோவிலிருந்து தொலைபேசி எடுத்தாள். சென்னையில் ஏறி அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை தொட்டுத் திரும்பும் எம்பிரஸ் கப்பலில் குடும்பமாகப் போக வேண்டும், அறை தெரிவு என் பொறுப்பு.

"மேல்தளத்தில பல்கனியோட எடுங்க அண்ணா. பிள்ளையளுக்குக் கடல் தெரியவேணும்."

அம்மா கேட்டுக்கொண்டிருந்தா. "எனக்குத் தலை சுத்தாத இடமாப் பாரு மனே."

எழுபதுகளில் தலைமன்னாரிலிருந்து 'ராமானுஜம்' கப்பலில் இராமேஸ்வரம் போனவ அம்மா. குறுகிய கடல்தான், ஆனால் வழிநெடுக வாந்தி. இப்போது முழங்கால் வலியும் சேர்ந்திருக்கிறது. இந்தக் குடும்பத்துக்கு அறை பார்ப்பதென்றால் முதலில் அம்மாவின் உடம்புக்குத்தான் பார்க்க வேண்டும் என்று எனக்கு உறுதியாகப் படுகிறது.

மே 17, புதன்

விடியப்புறம் மாமாவின் வள்ளத்தில் கல்லடிக் கரையிலிருந்து கடலுக்குள் போனேன். அணியத்தில் இருந்தபோது ஒவ்வொரு அலையும் தூக்கிப் போட்டது. நடுவுக்கு வந்து தாழ உட்கார்ந்ததும் பாதி ஆட்டம் குறைந்தது. "புதுசா வாற ஆக்களை நடுவுலதான் இருத்துவம்" என்றார் மாமா.

எம்பிரஸ் 211 மீற்றர் நீளம். கடலின் விதி அதற்கும் இதுதான். முன்னும் பின்னும் மாறி மாறி எழுந்து தாழும்போது நடுப்பகுதி மிகக் குறைவாகவே அசையும். பக்கவாட்டில் சரியும்போது உயரம்தான் கணக்கு. தென்னையின் வட்டு ஆடுமளவுக்கு அடிமரம் ஆடாது. கப்பலின் இருபுறமும் நீருக்கடியில் நீளும் துடுப்புகள் பக்கச் சரிவைத்தான் அடக்கும். முன்பின் எழுச்சிக்கு அவற்றால் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஆகவே நடுப்பகுதி, கீழ்த்தளம்.

சன்னலும் வேண்டும். உட்காது ஆட்டத்தை உணர, கண் அசையாத சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் குமட்டல் கூடும். தொடுவானம் தெரிந்தால் இரண்டும் ஒத்துப்போகும். சன்னலில்லாத உள்ளறை மலிவு, பகலிலும் இருட்டாக இருப்பதால் பிள்ளைகள் நன்றாகத் தூங்குவார்கள். அம்மாவுக்கு அது சரிவராது.

மே 21, ஞாயிறு

தள வரைபடங்களை மேசையில் பரப்பி, ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். அறையைவிட அதன் மேலும் கீழும் இருப்பவைதான் நித்திரையைத் தீர்மானிக்கும். மேலே நீச்சல் குளத் தளம் என்றால் அதிகாலையிலேயே கதிரை இழுக்கும் சத்தம்; கீழே நடன அரங்கு என்றால் நள்ளிரவு வரை அதிர்வு. மேலும் கீழும் அறைகளே உள்ள தளம் நல்லது. பின்கோடியில் இயந்திர அதிர்வு ஏறும். முன்கோடியின் தாழ்ந்த அறைகளில், துறைமுகத்துக்குள் கப்பலைத் திருப்பும் உந்துவிசிறிகள் உறக்கத்தைக் கெடுக்கும். உயிர்காப்புப் படகுகள் தொங்கும் தளத்தில் சன்னல் திரையை விலக்கினால் படகின் முதுகுதான் தெரியும்.

மின்தூக்கி பக்கத்தில் வேண்டும், ஆனால் அதன் வாசலிலேயே கூடாது. நாலைந்து கதவு தள்ளியிருந்தால் அம்மா நடந்துவிடுவா, பேச்சுச் சத்தமும் வராது.

தங்கச்சியின் பல்கனிக்கு இந்தக் கப்பலில் இடமும் குறைவு. 1990இல் பிரான்சில் 'நோர்டிக் எம்பிரஸ்' என்ற பெயரில் கட்டிய கப்பல். அந்தக் காலத்துக் கப்பல்களில் பல்கனி அறைகள் அதிகமில்லை.

மே 22, திங்கள்

தங்கச்சி சம்மதித்தாள். நடுப்பகுதியில், சன்னலோடு, இடைக்கதவால் இணைந்த இரண்டு அறைகள்: ஒன்றில் அம்மாவும் நானும், மற்றதில் அவளும் பிள்ளைகளும். இராத்திரி அம்மா கூப்பிட்டால் தங்கச்சியும் நடைபாதைக்குப் போகாமலே வரலாம். இடைக்கதவு அறையை அந்நியர் பக்கத்தில் எடுத்தால் அவர்களின் இருமல்கூடக் கேட்கும். இரண்டும் நமதென்றால் அது வசதி. பிள்ளைகளுக்குக் கடல் பார்க்க மேலே திறந்த தளம் முழுவதும் இருக்கிறது.

ஒன்று மட்டும் பாக்கி. வகையை மட்டும் உறுதிசெய்து, அறையைக் கப்பற்காரரே பின்னர் ஒதுக்கும் மலிவுச் சீட்டும் உண்டு. அதை எடுத்தால் இத்தனை நாள் பார்த்ததற்குப் பயனில்லை. நாளை முகவரிடம் இரண்டு அறை எண்களையும் சீட்டிலேயே எழுதித்தரக் கேட்க வேண்டும். கூடுதல் காசைத் தான் கட்டுவதாகத் தங்கச்சி சொல்லிவிட்டாள்.